'கெர்னல்' என்னும் ஒருசொற் பல்பொருள்

முன்னுரை

ஒரு சொல் பல பொருட்கு உரியதாதலும், பல சொற்கள் ஒரு பொருட்கு உரியவாதலும் மொழிக்கு இயல்பு என்பதைத் தொல்காப்பியர் உரியியலிற் குறித்துள்ளார். திவாகரமும் பிங்கலமும் ஒருசொற் பல்பொருட்கெனத் தனித் தொகுதியே வகுத்துள்ளன. இவ்வியல்பை நன்கறிந்த நாம், கலைச்சொல் ஆக்கும்போது மட்டும் அதனை மறந்துவிடுகின்றோம். பிறமொழிச் சொல் ஒன்றாயின் அதற்கு நேரான தமிழ்ச்சொல்லும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும் என்பது எழுதாச் சட்டமாக நம்மிடையே நிலவுகின்றது. இச்சட்டம் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை ஒரு சொல்லைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யாம் எடுத்துக்கொண்ட சொல் 'கெர்னல்' என்பது. இயற்கணிதத்திலும், தொகையீட்டுக் கணிதத்திலும், கணிப்பொறி இயலிலும், மொழியியலிலும் இஃது ஆளப்படுகின்றது. நான்கு துறைகளிலும் சொல் ஒன்றே. பொருளும் ஒன்றுதானா என்பதே வினா. உயர்கணிதத்தைத் தமிழிற் கற்பிக்க முற்படுவோர்க்கு இவ்வினா சொல்லழகு பற்றியதன்று. மாணவர் உள்ளத்திற் பொருள் நேரே பதியுமா, மாறிப் பதியுமா என்பதைப் பற்றியது.

சொல்லின் பிறப்பு

'கெர்னல்' என்பது பழைய ஆங்கிலத்தில் தானியமணியைக் குறித்த 'கார்ன்' என்னும் சொல்லோடு சிறுமைப் பொருள் தரும் ஈறு சேர்ந்து பிறந்தது. சிறுமணி, வித்து, ஓட்டினுள் இருக்கும் பருப்பு என்பன அதன் வழக்குப் பொருள்கள். செருமானியத்தில் இதற்கு நேரானது 'கெர்ன்'. இலத்தீனில் கொட்டையைக் குறிக்கும் 'நுக்ஸ்' என்பதன் வழிவந்த 'நியூக்ளியஸ்' என்பதும் இப்பொருளதே. ஆகவே பருப்பைக் குறித்த இரு சொற்கள் மேனாட்டு அறிவியலில் நுழைந்து, உள்ளே இருப்பது, இன்றியமையாதது என்னும் பொருள்களை ஏற்றன.

தமிழிலும் இத்தகைய சொல் இல்லாமல் இல்லை. 'காழ்' என்பது விதையையும் மரத்தின் உள்வயிரத்தையும் குறிக்கும் எனச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) காட்டுகின்றது. உள்ளே வயிரமுடையன மரம் எனவும், புறத்தே வயிரமுடையன புல் எனவும் மரபியல் வகுத்ததும் இச்சொல்லைக் கொண்டே. உள்ளிருந்து தாங்கும் வலிமை என்னும் கருத்து நமக்குப் புதிதன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

அமைப்பைக் காக்கும் சார்பு

இயற்கணிதத்திற் கெர்னல் என்பது தனித்து நிற்கும் சொல்லன்று. அது 'ஹோமோமார்பிசம்' என்னும் கருத்தைச் சார்ந்தே பொருள்படும். ஆதலின் முதற்கண் அதனைத் தெளிதல் வேண்டும். கிரேக்கத்தில் 'ஹோமோஸ்' என்பது ஒரே தன்மையது என்னும் பொருளது. 'மார்பே' என்பது வடிவு. ஓர் அமைப்பிலுள்ள உறுப்புகளை மற்றோர் அமைப்பிலுள்ள உறுப்புகளுக்கு இயைக்கும்போது, முன்னதிற் கூட்டிப் பின் இயைத்தாலும், இயைத்தபின் பின்னதிற் கூட்டினாலும் விடை ஒன்றாகுமாயின் அச்சார்பு ஹோமோமார்பிசம் எனப்படும். இதனை ஈண்டு 'அமைப்புக்காப்புச் சார்பு' என வழங்குவாம்.

எடுத்துக்காட்டாகக் கிழமைக் கணக்கைக் கொள்க. நாட்களின் எண்ணிக்கையை 7 ஆல் வகுத்து மீதியை மட்டும் கொள்கின்றோம். 10 நாட்களுக்கு மீதி 3. 20 நாட்களுக்கு மீதி 6. இவ்விரண்டையும் கூட்டினால் 9. அதன் மீதி 2. நேரே கூட்டிய 30 நாட்களுக்கும் மீதி 2 தான். முன்னர்க் கூட்டினும் பின்னர்க் கூட்டினும் கிழமை மாறவில்லை. அமைப்புக் காக்கப்பட்டது.

ஆனால் அனைத்தும் காக்கப்பட்டனவா எனின், இல்லை. 3 நாள், 10 நாள், 17 நாள் ஆகியவற்றிடையே உள்ள வேற்றுமை மறைந்துவிட்டது. கிழமையை மட்டும் அறிந்தவர்க்கு அவை மூன்றும் ஒன்றே. இதனோடு மடக்கையை ஒப்பிடுக. 1614 இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கை முறை பெருக்கலைக் கூட்டலாக மாற்றுகின்றது. அதுவும் அமைப்புக்காப்புச் சார்பே. ஆயின் அங்கே இரு வேறு மிகையெண்கள் ஒரே மடக்கையைப் பெறுவதில்லை, எவ்வேற்றுமையும் மறைவதில்லை. இவ்வாறு ஒன்றுக்கு ஒன்றாக நின்று, மீளவும் பெயர்க்கத்தக்கதாகிய சார்பை 'ஐசோமார்பிசம்' என்பர். 1870 இல் வெளிவந்த தம் பெருநூலில் ஜோர்தான் இவ்விருவகையையும் ஐசோமார்பிசம் என்றே அழைத்து, அடைமொழியால் மட்டுமே வேறுபடுத்தினார். இரண்டிற்கும் வெவ்வேறு பெயர் அமைந்தது பின்னரே. கருத்து இரண்டாகத் தெளிந்தபின் சொல்லும் இரண்டாதல் வேண்டும் என்பதற்கு மேனாட்டுக் கணிதமே இவ்வாறு சான்று தருகின்றது.

ஒடுங்குவனவற்றின் கணம்

கிழமைக் கணக்கில் மறைந்தவற்றை எவ்வாறு அளப்பது? மீதி 0 ஆகும் எண்களை நோக்குக: 0, 7, 14, 21, அவற்றின் எதிரெண்கள். இவை கிழமையை மாற்றுவதில்லை. இவ்வெண்களின் கணமே இச்சார்பின் கெர்னல். பொதுவாகக் கூறின், ஒரு குலத்திலிருந்து மற்றொரு குலத்திற்குச் செல்லும் அமைப்புக்காப்புச் சார்பில், சமனி உறுப்பாக ஒடுங்கிவிடும் உறுப்புகள் யாவும் சேர்ந்த கணம் கெர்னல் எனப்படும். மடக்கைக்குக் கெர்னல் 1 என்னும் ஓர் உறுப்பே. ஏனெனின் அங்கு மறைந்தது ஒன்றுமில்லை.

இக்கணத்தின் சிறப்பு யாதெனின், இரண்டு உறுப்புகள் எப்பொழுது ஒன்றாகத் தோன்றும் என்பதை அது முற்றிலும் தீர்மானிக்கின்றது. 10 உம் 3 உம் ஒரே கிழமையாகத் தோன்றுவதற்குக் காரணம், அவற்றின் வேறுபாடாகிய 7 கெர்னலில் இருப்பதே. ஆதலின் முதற்குலத்தைக் கெர்னலால் வகுத்துப் பெறும் குலமும், சார்பின் வீச்சகமும் வடிவால் ஒன்றாகும். இழந்தது எது என்பதை அறிந்தால் எஞ்சியது எது என்பதும் அறியப்படும் என்பதே இத்தேற்றத்தின் சாரம். 1832 இல் கலுவா தம் இறுதிக் கடிதத்திற் குறித்த சிறப்புவகை உட்குலங்களே இவ்வாறு கெர்னலாக நிற்கத்தக்கவை.

ஈண்டு நாம் உளங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இயற்கணிதக் கெர்னல் காக்கப்படுவதன்று, ஒடுங்குவது. பருப்பு என்னும் சொல் நினைவூட்டும் பொருளுக்கு இது முற்றிலும் மறுதலையாக நிற்கின்றது.

தாங்கும் கெர்னல்

இனிப் பிறதுறை வழக்குகளைக் காண்பாம். 1903 இல் பிரெட்ஹோம் தொகையீட்டுச் சமன்பாடுகளைப் பற்றிய தம் கோட்பாட்டை விரித்துரைத்தார். 1904 முதல் 1910 வரை அப்பொருள்பற்றித் தொடர்ந்து எழுதிய ஹில்பர்ட், தொகையீட்டுக் குறியினுள் நிற்கும் இருமாறிச் சார்பைக் 'கெர்ன்' என்றார். அக்கட்டுரைகள் 1912 இல் நூலாயின. இங்குக் கெர்னல் என்பது உள்ளிருந்து செயலை இயக்கும் சார்பு. அது மாறினால் சமன்பாடே மாறும். மெர்சரின் 1909 ஆம் ஆண்டுத் தேற்றம் இவ்வகைச் சார்பைப் பற்றியது. 1962 இல் பார்சன் புள்ளியியலில் ஆண்ட கெர்னலும், 1992 இல் போசர், குயோன், வாப்னிக் ஆகியோர் எந்திரக் கற்றலில் ஆண்ட கெர்னலும் இதன் வழிவந்தவை. படங்களைக் கணிப்பொறியில் மழுங்கச் செய்யவும் கூர்மையாக்கவும் பயன்படும் சிறு எண்ணணியும் இக்குடியைச் சேர்ந்ததே.

கணிப்பொறியின் இயக்க அமைப்பிற் கெர்னல் என்பது செயலியையும் நினைவகத்தையும் பிற கருவிகளையும் ஆளும் உட்பகுதி. பிற நிரல்கள் யாவும் தமக்கு வேண்டியவற்றை அதனிடமே கேட்டுப் பெறும். 1970 இல் இப்பகுதியைப் பற்றி எழுதிய பிரின்ச் ஹான்சன் அதனை 'நியூக்ளியஸ்' என்றே அழைத்தார். பயனர் கட்டளைகளை வாங்கி உள்ளே செலுத்தும் புறப்பகுதிக்கு 'ஷெல்', அதாவது ஓடு, என்னும் பெயர் 1960களிலேயே பூசானால் இடப்பட்டது. 1969 இல் பெல் ஆய்வகத்திற் தோன்றிய யூனிக்சிலும், அதன் நெறியைப் பின்பற்றி 1991 இல் வெளிவந்த லினக்சிலும் ஓடும் பருப்புமாகிய இவ்வுருவகம் முழுமை பெற்று விளங்குகின்றது.

மொழியியலார் வழக்கும் இவ்வகையினதே. ஹாரிசும் சாம்ஸ்கியும் 1957 இல் வெளியிட்ட ஆய்வுகளிற் 'கெர்னல் வாக்கியம்' என்பது ஏனைய வாக்கியங்களுக்கு அடிப்படையாகும் எளிய வாக்கியத்தைக் குறித்தது. 1965 இல் சாம்ஸ்கியே அதன் சிறப்பிடத்தைக் குறைத்துக்கொண்டார் எனினும், சொல்லின் பொருள் தெளிவானது: வித்தாக நிற்பது.

ஆகவே கெர்னல் என்னும் சொல்லின் வழக்குகள் இரு பிரிவாகின்றன. தொகையீடு, கணிப்பொறி, மொழியியல் ஆகியவற்றில் அது தாங்குவது. இயற்கணிதத்தில் அது ஒடுங்குவது.

ஒன்றன்கண் இரண்டு

இவ்விரு பொருள்களும் வெவ்வேறு துறையின ஆதலின் மயக்கம் நேராது எனச் சிலர் கூறலாம். அக்கூற்றுப் பொருந்தாது. ஒரே கணிதப் பொருளிடத்து இரண்டும் ஒருங்கே நிற்றலுண்டு.

தொகையீட்டால் ஒரு சார்பை மற்றொன்றாக மாற்றும் செயலியை எடுத்துக்கொள்க. அதனுள் நிற்கும் இருமாறிச் சார்பு ஹில்பர்ட் கூறிய கெர்னல். அச்செயலி கூட்டலைக் காப்பதாகலின் அதுவும் அமைப்புக்காப்புச் சார்பே. எனவே சுழியாக ஒடுங்கும் சார்புகளின் கணமாகிய கெர்னலும் அதற்கு உண்டு. மிக எளிய சான்றாக, உள்நிற்கும் சார்பு எங்கும் 1 ஆகவே இருப்பதாகக் கொள்வோம். அப்பொழுது செயலி செய்வது, கொடுத்த சார்பின் முழுத்தொகையைக் காண்பது மட்டுமே. அதன் முதற்கெர்னல் 1 என்னும் மாறிலி. இரண்டாம் கெர்னல், மேலேறிய அளவும் கீழிறங்கிய அளவும் ஈடாகித் தொகை சுழியாகும் சார்புகள் யாவும் சேர்ந்த பெருங்கணம். முன்னது இயக்குவது, பின்னது மறைவது. இரண்டையும் 'உட்கரு' என ஒரே சொல்லாற் பெயர்த்தால், 'உட்கரு 1 ஆகிய செயலியின் உட்கருவைக் காண்க' என்றன்றோ வினாத்தாளில் எழுத நேரும்? ஆங்கிலத்தில் 'சுழிவெளி' என்னும் பொருள்படும் வேறொரு சொல்லும் வழங்குதலால் ஆசிரியர் இத்தொல்லையினின்று தப்புகின்றனர். தமிழில் அவ்வாயில் தானாகத் திறந்திராது; நாமே அமைத்தல் வேண்டும்.

யாப்புக் காட்டும் எல்லை

கெர்னலை ஒரு கணமாகக் கொள்வதற்கும் எல்லையுண்டு. அதனைத் தமிழ் மாணவர் நன்கறிந்த எழுத்தெண்ணிக்கையாற் காட்டலாம். புணர்ச்சி விகாரங்களை ஒழித்து, சொற்களை வெறும் எழுத்துத் தொடர்களாகக் கொள்க. ஒவ்வொரு தொடர்க்கும் அதன் எழுத்தெண்ணிக்கையை இயைத்தால், 'மலை' 2, 'நதி' 2, இரண்டும் சேர்ந்தது 4. தொடர்களைச் சேர்த்தல் எண்களைக் கூட்டலாகின்றது. ஆதலின் இஃது அமைப்புக்காப்புச் சார்பு. இதில் 0 ஆக ஒடுங்குவது எழுத்தே இல்லாத வெற்றுத்தொடர் ஒன்றுதான். மடக்கையைப்போல இங்கும் ஒன்றும் மறையவில்லை எனலாமோ? கூடாது. மலையும் நதியும் ஒன்றாகிவிட்டனவே!

இம்முரண்பாடு ஏன் நேர்ந்தது எனின், குலத்தில் ஒவ்வோர் உறுப்பிற்கும் எதிர்மறை உறுப்பு உண்டு. எழுத்துத் தொடர்க்கு அஃதில்லை. சேர்த்ததை நீக்கிச் சமனிக்கு மீட்கும் எதிர்த்தொடர் எதுவுமில்லை. ஆகவே இரண்டன் வேற்றுமையை ஓர் உறுப்பாக்கிக் கெர்னலினுள் தேட இயலாது. இதனாற் பொது இயற்கணிதத்தாரும் கணிப்பொறிக் கோட்பாட்டாரும் கெர்னலை ஒரு கணமாகக் கொள்ளாது, ஒரு தொடர்பாகக் கொள்கின்றனர்: எவ்விரண்டு உறுப்புகள் சார்பினால் ஒன்றாகின்றனவோ அவ்விணைகளின் தொகுதியே கெர்னல். குலத்திற்கும் இவ்விலக்கணம் பொருந்தும். முன்கூறிய கணம் இதன் சிறப்பு வடிவமேயாம்.

எல்லா இயைபுகளும் அமைப்பைக் காப்பன அல்ல என்பதையும் யாப்பே காட்டும். மாத்திரையை எண்ணிப் பார்க்க. 'நா' 2 மாத்திரை, தனித்த 'டு' 1 மாத்திரை. ஆயின் 'நாடு' என்புழி ஈற்றுகரம் குறுகி அரைமாத்திரை ஆதலின் தொகை 3 அன்று, இரண்டரையே. அசையும் அவ்வாறே. 'ப' தனித்து நேர். 'லா' தனித்து நேர். 'பலா' என இணைந்தவிடத்து நிரை. உறுப்புகளின் அசையை மட்டும் அறிந்து தொடரின் அசையைக் கூறிவிட இயலாது. எழுத்தெண்ணிக்கை அமைப்பைக் காப்பது; மாத்திரையும் அசையும் அண்மையிலுள்ள எழுத்தை நோக்கி மாறுவன. இவ்வேற்றுமையை உணர்ந்த தமிழ் மாணவர்க்கு ஹோமோமார்பிசம் அயலான கருத்தாகத் தோன்றாது.

வழக்கிலுள்ள சொற்கள்

இன்று தமிழிற் கெர்னலுக்குக் கரு, உட்கரு, கருனி முதலியன வழங்கக் காண்கின்றோம். இவற்றைத் தனித்தனியே மதிப்பிடுவாம்.

'உட்கரு' என்பது பள்ளி உயிரியலில் உயிரணுவின் நடுவுறுப்பிற்கு உரியதாகிவிட்டது. அங்கே அஃது உயிரணுவின் செயல்களை ஆள்வது. அச்சொல்லைக் கற்ற மாணவன் இயற்கணிதத்தில் உட்கரு எனக் கேட்டவுடன், சார்பு தன்னுள் காத்துவைத்த சிறந்த பகுதி என்றே கருதுவான். உண்மையோ இதற்கு மாறானது. 'கரு' என்பது தோற்றத்திற்கு முதலாவது என்னும் பொருளில் நெடிது வழங்கி வருவது. எனவே தொகையீட்டிற்கும் மொழியியலுக்கும் அது பொருந்தும். எனினும் மொழியியலிற் 'கருத்தொடர்' எனச் சேர்த்தெழுதுவது கருத்து என்னும் சொல்லொடு மயங்கும். 'கரு வாக்கியம்' எனப் பிரித்தெழுதுதல் நன்று. 'கருனி' என்பது கணினி என்பதன் சாயலில் ஆக்கப்பட்டது. ஓடு என்பதற்கு எதிராக வைத்து நோக்கின் 'காழ்' என்பதே நெருங்கிய சொல்லாகும். ஆயினும் கருனி வேறு பொருளொடு மயங்காது, வழக்கிலும் வந்துவிட்டது. மயக்கம் தராத வழக்கை மாற்ற முயல்வது வீண்.

எஞ்சி நிற்பது இயற்கணிதக் கெர்னல். இதற்கு 'ஒடுங்கு கணம்' என்னும் பெயரை யாம் முன்வைக்கின்றோம். எவை ஒடுங்குகின்றனவோ அவற்றின் கணம் என அது தன் இலக்கணத்தைத் தானே உரைக்கும். இணைகளின் தொகுதியாகிய பொதுவடிவத்தை 'ஒடுங்கு தொடர்பு' எனலாம். தொகையீட்டினுள் நிற்பதைக் 'கருச்சார்பு' என்றால், முற்கூறிய வினா 'கருச்சார்பு 1 ஆகிய செயலியின் ஒடுங்கு கணத்தைக் காண்க' என மயக்கமின்றி அமையும்.

மறுப்பும் விடையும்

இதற்கு இரண்டு மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: பிரெஞ்சு 'நுவாயோ', செருமானியக் 'கெர்ன்', உருசிய 'யத்ரோ' ஆகியன ஒவ்வொன்றும் ஒரு சொல்லாகவே நின்று இவ்வெல்லாப் பொருளையும் உணர்த்துகின்றன, அம்மொழியார்க்கு இடர் நேராதபோது தமிழர்க்கு மட்டும் நேருமோ? நேரும் என்பதே எம் விடை. அம்மொழிகளில் இச்சொல் ஒவ்வொரு துறையிலும் அத்துறை வளருங்காலத்தே உடன்வளர்ந்தது. பழக்கம் பொருளை விளக்கிற்று. நாமோ வளர்ந்து முடிந்த நான்கு பொருள்களையும் ஒருங்கே பெறுகின்றோம். நான்கையும் கண்ணெதிரே கண்டபின்னும் கண்டிலேம் போல ஒரு சொல்லிடுதல் முறையாகாது.

இரண்டாவது மறுப்பு வலிமையுடையது. ஒடுங்குவதே எஞ்சுவதைத் தீர்மானிக்கின்றது எனத் தேற்றம் கூறுமாயின், அதனை வித்து என்பது பொருத்தந்தானே? கெர்னல் எனப் பெயரிட்டதன் நயமும் அதுவன்றோ? இந்நயத்தை யாம் மறுக்கவில்லை. ஒடுங்கு கணம் என்னும் சொல்லால் இந்நயம் இழக்கப்படுவது மெய்யே. ஆனால் அது தேற்றத்தைக் கற்றபின் தோன்றும் நயம். கலைச்சொல்லோ தேற்றத்திற்கு முன்னரே, இலக்கணத்தோடு மாணவனிடம் சென்று சேர்வது. முதற்கண் பிழையாக உணர்த்திப் பின்னர் நயமாகும் சொல்லினும், முதற்கண் நேரே உணர்த்தும் சொல்லே கற்பிப்பார்க்கு ஏற்றது. இழந்த நயத்தை ஆசிரியர் தேற்றத்தின் விளக்கத்தில் ஈடுசெய்யலாம். பிழையான முதலுணர்ச்சியை ஈடுசெய்தல் அரிது.

முடிவுரை

கலைச்சொல்லாக்கமும் ஒருவகை இயைபே. பிறமொழியின் சொற்களையும் அவற்றின் உறவுகளையும் நம் மொழிக்குக் கொணர்கின்றோம். அவ்வாறு கொணருங்கால் சில வேற்றுமைகள் மறைவது இயல்பு. எவ்வேற்றுமை மறையலாம், எது மறைதல் ஆகாது என்பதை முன்னரே ஆராய்ந்து துணிதல் சொல்லாக்குவோர் கடமை. தாங்குவதற்கும் ஒடுங்குவதற்கும் இடையேயுள்ள வேற்றுமை மறைதல் ஆகாது. கலைச்சொல் தொகுதிகளில் ஒரு பிறமொழிச் சொல்லின் எதிரே ஒரு தமிழ்ச்சொல்லை மட்டும் நிறுத்தும் முறையை விடுத்து, துறைதோறும் பொருள் பிரித்து, நிகண்டுகள் காட்டிய நெறியிற் பல்பொருளையும் தனித்தனியே வரைதல் வேண்டும் என்பது எம் துணிபு. யாம் முன்வைத்த சொற்களினும் சிறந்தன கிடைப்பின் அவற்றையே கொள்க. அறிஞர் ஆராய்க.